அவருக்கு நெஞ்சு, எனக்கு மூட்டு

ஜனவரி 7, செவ்வாய்

மதுரைக்குப் போய்வந்தேன். தனியாகத்தான். அவருக்கு அலுவலகத்தில் ஆடிட்.

மூட்டு டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வலது கையில் வீக்கம் கூடியிருக்கிறது என்றார். எனக்கே தெரியும். சப்பாத்தி மாவு பிசைவதைத் தீபாவளியோடு விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். வலி மாத்திரையை மட்டும் நானாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது, அது இதயத்துக்கும் ஆகாது என்றார்.

அங்கிருந்துதான் பேச்சு இதயத்துக்குப் போனது. முடக்குவாதம் மூட்டோடு நிற்கிற நோய் இல்லையாம். மூட்டை வீங்கவைக்கிற அதே அழற்சி ரத்தக் குழாய்களின் உட்புறத்தையும் கெடுக்குமாம். கொலஸ்ட்ரால் ஒழுங்காக இருந்தாலும், என்னைப் போன்றவர்களுக்கு மாரடைப்பு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம்.

"பத்துப் பன்னெண்டு வருஷமா இந்த நோய் இருக்கு. ஒரு தடவைகூட இதயத்தைப் பாக்கல. இந்த மாசத்துக்குள்ள பாத்துடுங்கம்மா" என்றார். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் பாரம் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்புக் கூட்டிலும் மூட்டுகள் இருக்கின்றன. முன்பு பார்த்த டாக்டர் சொன்னது. விலா எலும்பு நடு எலும்போடு சேருகிற இடத்தை அழுத்திக் காட்டி, இந்த நோயில் இங்கேயும் வலி வரும், பயப்பட வேண்டாம் என்றார். அந்த வலியை நான் நெஞ்சுவலி என்று சொல்வதில்லை. அதனால் இன்று சொன்னது பொய்யில்லை.

பஸ் கொடைரோடு தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவரிடம் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு பைபாஸ் செய்த டாக்டர், இவருக்கு அதிர்ச்சி தருகிற விஷயம் எதையும் வீட்டில் பேசாதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பங்கு பிரித்தாயிற்று. அவருக்கு நெஞ்சு, எனக்கு மூட்டு.

ஜனவரி 8, புதன்

கேஸ் வந்தது. சிலிண்டர் மூடியை நெம்ப முடியவில்லை. கொண்டுவந்தவரே திறந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவரோடு நானும் காலை நடைக்குப் போகிறேன். அவர் நடையே மாறிவிட்டது. பைபாஸுக்குப் பிறகு உடம்பு இளைத்து, கையை வீசி, ராணுவத்தில் சேரப்போகிறவர் மாதிரி நடக்கிறார். நான் பின்னால் போகிறேன். என் முழங்காலுக்கு இதுதான் வேகம் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்ப்பதில்லை. பேசுவது மட்டும் நிற்பதில்லை. இரவு துடிப்பு எப்படி இருந்தது, இட்லி எத்தனை மணிக்குச் செரித்தது, புது மாத்திரையில் வாய் கசக்கிறதே, அது பக்கவிளைவா. என் பதில் அவருக்குத் தேவைப்படாது. முன்னால் பார்த்தே பேசிக்கொண்டு போவார்.

மேட்டுத் தெரு முனையில் ரேஷன் கடைச் சுவர் இருக்கிறது. ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அங்கேதான் ஒட்டுவார்கள். ஆபரேஷனுக்கு முந்திய வருடம் இவர் அந்தச் சுவரைக் கடக்கவே மாட்டார். நின்று, செத்தவர் பெயர், பிறப்பு, இறப்பு, துயரப்படும் பேரப்பிள்ளைகள் வரை படிப்பார். காலையிலேயே சாவுச் செய்திதானா என்று நான் கடிந்துகொள்வேன். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியதை மறைக்கத்தான் அப்படி நின்றார் என்பது ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்று மரக்கடைக்காரரின் அம்மா போஸ்டர். தொண்ணூற்றொரு வயது. கண்ணாடி கொண்டுபோகாததால் படிக்க நேரமாகிவிட்டது. அவர் பால் பூத் வரை போயிருந்தார்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

வள்ளியம்மை அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எந்தம்பி நெஞ்சு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். அந்த நெஞ்சை வாடகைக்கு விட்டிருக்கிற மாதிரியும், குடியிருக்கிற நான் சுவரில் ஆணி அடித்துவிடக் கூடாது என்கிற மாதிரியும் இருக்கும்.

வடையை எண்ணெய் இல்லாமல் சுட வழியில்லை. தம்பிக்கு வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டு அண்ணி நான்கு சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டுதல் பேச்சு வந்தது. ஆபரேஷன் அன்று, அவர் பிழைத்து வந்தால் பழனி மலைக்கு நடந்தே ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். விஞ்ச் வண்டியும் வேண்டாம், ரோப் காரும் வேண்டாம், படியேறியே வருகிறேன் என்று. பக்கத்தில் நின்ற அண்ணிக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். போன வருடம் முழங்காலில் நீர் கோத்துக்கொண்டது. அதற்கு முந்திய வருடம் இவரைத் தனியே விட முடியவில்லை.

"முருகன் கடன்காரன் இல்லதான். ஆனா எந்தம்பி உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். உனக்குக் கால் வலின்னு அவன் ஒத்துக்குவான், விதி ஒத்துக்குமா?" என்றார் அண்ணி.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர், "விடுக்கா, அவளுக்கு முடியாது" என்றார். முடியாது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து, தைப்பூசக் கூட்டம் வடிந்ததும் போகலாம் என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கல்லூரியில் என் நூலகம் இரண்டாம் மாடி. இருபது வருடமாக ஏறுகிறேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்று போனைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. யாராவது கடந்தால் "வாட்ஸ்அப்ல மூழ்கிட்டீங்க மேடம்" என்று சிரிப்பார்கள். போனில் பெரும்பாலும் எதுவும் வந்திருக்காது. மகள் கோயம்புத்தூரிலிருந்து காலையில் அனுப்புகிற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும். அதையே படிப்பேன்.

இடது தாடை இழுக்கிறது. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. தாடையிலும் மூட்டு உண்டு.

ஜனவரி 25, சனி

பல் டாக்டரிடம் போனேன். பல்லில் ஒன்றும் இல்லை என்றார். எப்போது வலிக்கிறது என்று கேட்டார். படியேறும்போது என்றேன். பல் வலிக்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரே சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, பிபி பார்க்கிறீர்களா என்றார். நூலகத்துக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வழியில் அவருக்கு ஓட்ஸ், எனக்கு வலி மாத்திரை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பாதயாத்திரைக்காரர்கள் சாலை நிறையப் போகிறார்கள். பச்சை வேட்டி, காவடி, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டபடி பெண்கள். எங்கள் தெருக்காரர்கள் ஒட்டன்சத்திரம் சாலையில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறோம். நான் டம்ளர் நிரப்பினேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கி டம்ளரைப் பிடித்தபடியே நின்றுவிட்டன. எதிர்வீட்டு ஜெயந்தி வாங்கிக்கொண்டாள்.

கொப்புளத்தில் துணி சுற்றிய ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், மோரைக் குடித்துவிட்டு "நீங்க நடக்கலையாக்கா?" என்றாள். எனக்கு முடக்குவாதம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வருடம் படியேறப் போகிறேன் என்றேன். அவள் திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினாள். அழுகை வந்தது. மோர்ப் பானையைத் தூக்கி வைக்கும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. கனமான பானை. நான் தூக்கியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 5, புதன்

மூட்டு டாக்டரின் கிளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். இதயப் பரிசோதனை முடிந்ததா என்று டாக்டர் கேட்கச் சொன்னாராம். முடிந்தது என்றேன். ரிப்போர்ட்? நன்றாக இருக்கிறது என்றேன். வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தபடி கீரை ஆய்ந்தேன். பரிசோதனைக்குப் போனால் ஏதாவது சொல்வார்கள். சொன்னால் மலையேற விடமாட்டார்கள். ஏறாவிட்டால் அவர் விஷயத்தில் நான் கொடுத்த வாக்கு அந்தரத்தில் நிற்கும். ஏறிவிட்டு வந்து போகலாம். இதில் தவறு ஒன்றும் இல்லை. படித்தவள் எழுதுகிற வாக்கியமா இது என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் படுத்தால் நான் இருக்கிறேன். நான் படுத்தால், அவர் தன் துடிப்பை எண்ணிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுப் படியில் பழகிப் பார்த்தேன். மொட்டைமாடிக்கு ஒரு தடவை. துணி காயப்போடுகிற சாக்கில்.

பாதியில் துணியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

நாளை காலை. பையில் அவருடைய மாத்திரைகள், தண்ணீர், துண்டு. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வழக்கம்போல அவர் சட்டைப் பையில். எனக்கு வலி மாத்திரை இரண்டு, கிளம்பும்போது சேர்த்துப் போட்டுக்கொள்ள.

பிப்ரவரி 19, புதன். மதுரை, மருத்துவமனை

இடது கையில் ஊசி. வலது கையில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு இன்று மட்டும் மூட்டு காரணமில்லை.

ஞாயிறு நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

அடிவாரத்தில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலைக்கோயிலில் போன் கூடாது. கையில் போன் இல்லாமல் நான் எப்படி நிற்பேன் என்பது பாத விநாயகரைக் கும்பிட்டு முதல் படியில் கால் வைத்த பிறகுதான் தோன்றியது. யானைப்பாதை சரிவாக இருக்கும், அப்படிப் போகலாம் என்றார் அவர். படி என்று வேண்டியிருக்கிறேன் என்றேன்.

முழங்கால் வலிக்கவே இல்லை. இரண்டு மாத்திரை வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே ஏறினேன். முதல் மண்டபம் தாண்டியதும் தாடை இழுத்தது. அங்கே சுவரில் ஒரு கல்வெட்டு. இன்ன ஊர், இன்னார், குடும்பத்தார் உபயம். நின்று படித்தேன். அவர் சில படி மேலே காத்திருந்தார். கொஞ்சம் ஏறினேன். தூணில் இன்னொரு உபயம். படித்தேன். மின்விசிறியில் பெயர் எழுதியிருந்தது. அதையும் படித்தேன். மேலேயிருந்து அரோகரா கேட்டது. முட்டி தேய்ந்த கிழவர்களெல்லாம் என்னைக் கடந்து போனார்கள். நெஞ்சில் அந்த ஆள் உட்கார்ந்துவிட்டான். இடது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தோளிலும் மூட்டு.

அடுத்த கல்வெட்டின் முன்னால் நின்றபோது அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி நிதானமாக என் முகத்தை அவர் பார்த்த நினைவில்லை.

"அரசி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றார்.

என் கண் முன்னால் எழுத்துகள் இருந்தன. சொல்ல வரவில்லை.

"கால்வலிக்காரி உக்காரத்தான் இடம் தேடுவா. நீ நின்னு நின்னு படிக்கிறே. நான் ஒரு வருஷம் போஸ்டர் படிச்சவன். என்கிட்டயே படிச்சுக் காட்டுறியா?" என்றார். குரல் ஏறவில்லை. "எத்தனை நாளா?"

மார்புக் கூட்டில் மூட்டுகள் இருக்கின்றன என்று ஆரம்பித்தேன். உட்கார் என்றார். என்னைப் படியில் உட்காரவைத்து, சுவரில் சாய்த்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். என் விரல்களால் தகட்டை அழுத்தி மாத்திரையை வெளியே எடுக்க முடியவில்லை. கை வழுக்கியது. அட்டை இரண்டு படி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, பிரித்து, "வாயைத் திற" என்றார்.

"இது உங்க மாத்திரை" என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவருடைய பங்கிலிருந்து எடுக்கிறோமே என்று அப்போது உண்மையாகவே தோன்றியது.

"நாக்கைத் தூக்கு, சனியனே" என்றார். வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலிக்கிற மணிக்கட்டு. விடச் சொல்லவில்லை.

தலை கிறுகிறுத்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் இருந்தவன் எழுந்தான். தாடை விட்டது. தோள் விட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ விளக்கை அணைத்துக்கொண்டு போவது மாதிரி எல்லாம் போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பன்னிரண்டு வருடமாக என் வலிகளை எனக்குத் தெரியும். எதுவும் இப்படிச் சொன்னவுடன் எழுந்து போனதில்லை. என் வலி என்றால் அது இருக்கும். இது என் மூட்டுகளின் வலியில்லை.

அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "போயிடுச்சா?" என்றார். தலையாட்டினேன். இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்பது மாதிரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

தேவஸ்தான ஆட்கள் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்கள். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. பட்டன் திறந்த சட்டைக்குள் தழும்பு தெரிய, வியர்த்து வழிந்தபடி அவர் உள்ளே ஓட, நர்ஸ் அவரைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டாள். ஈசிஜி ஒயரை அவர் மார்பில் வைக்கப் போனார்கள். "நான் இல்லம்மா, அவங்க, அவங்க" என்று கட்டிலிலிருந்து என்னைக் காட்டினார். வீட்டில் பிரித்த பங்கு அங்கே முடிந்தது.

ஈசிஜி சரியில்லை. ஆம்புலன்சில் மதுரை. இரண்டு குழாயில் அடைப்பு, ஒன்று கிட்டத்தட்ட மூடும் நிலை. அதில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கை வழியாகச் செய்வதுதான் வழக்கமாம். என் மணிக்கட்டு வளைந்திருப்பதால் தொடை வழியாகப் போனார்கள். அடுத்தவர் மாத்திரையை இப்படிக் கொடுக்கக் கூடாது, பிபி இறங்கியிருந்தால் ஆபத்து என்று இதய டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். வலி விட்டதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாதாம். இவர் பள்ளிப் பையன் மாதிரி நின்றார். பிறகு டாக்டரே, "ஆனா இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா இவங்களை நாங்க பாத்திருக்க மாட்டோம்" என்றார்.

மூட்டு டாக்டர் மாலையில் வந்தார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வலி மாத்திரை எத்தனை போட்டேன் என்று மட்டும் கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வீடு. மகள் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாள். ரசத்தில் உப்பு இல்லை என்றேன். இனிமேல் இருக்காது என்றாள்.

அண்ணி போன் செய்தார். எந்தம்பி நெஞ்சு என்று ஆரம்பித்து, நிறுத்தி, "உனக்கு எப்படி இருக்கு?" என்றார். சமாளிக்கத் தெரியாமல் நானும் நன்றாக இருக்கிறேன் என்றேன். வேண்டுதல் பாதியில் நிற்கிறது என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் கனமாக இருந்தது.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன், எனக்காக நீங்கள் ஏதாவது வேண்டிக்கொண்டீர்களா என்று. தலையைச் சொறிந்தார். "தோணவே இல்ல அரசி. அந்த டாக்டரை விடாமக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். எரிச்சலாயிட்டார்" என்றார். அவருக்கே குற்றமாக இருந்தது. எனக்கு என்னவோ, யாரும் எதற்கும் எங்கேயும் ஏற வேண்டியதில்லை என்பதில் அப்படி ஒரு நிம்மதி.

பிப்ரவரி 27, வியாழன்

எனக்கும் நாக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தகட்டில் அடைத்தது வேண்டாம், இவளால் பிரிக்க முடியாது என்று கடைகடையாகச் சுற்றிக் குப்பியில் வருகிறதை வாங்கி வந்திருக்கிறார். மூடியை இறுக்கினால் என் விரலுக்கு வராது, தளர்த்தினால் மருந்து கெடும். எந்த அளவு என்று மேஜையில் வைத்து நெடுநேரம் திருகிப் பார்த்தார். திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். மறுபடி மூடினார். மறுபடி திறக்கச் சொன்னார்.

இரவு மாத்திரைகளைப் பிரிக்கும்போது தன் துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் எனக்குக் கவலையாக இருக்கிறது. கேட்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடக்க அனுமதி. தெரு முனை வரை, மெதுவாக.

அவர் முன்னால் போகவில்லை. கையை வீசுகிற பழக்கம் போகாமல், என் பக்கத்தில் குறுகிய அடி வைத்து நடந்ததைப் பார்த்து ஜெயந்தி வாசலிலிருந்து சிரித்தாள். ரேஷன் கடைச் சுவரில் புது போஸ்டர். பல் டாக்டரின் மாமனார். நின்றேன்.

"வலிக்குதா, படிக்கிறியா?" என்றார்.

"படிக்கிறேன்."

"முழங்கால்?"

"அது எப்பவும் வலிக்கும். நெஞ்சு இல்ல. நிஜமாவே படிக்கத்தான் நின்னேன்."

அவர் நம்பவில்லை. மாத்திரை இருந்த சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டு, என்னோடு நின்று, பிறப்பு, இறப்பு, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், அச்சகத்தின் பெயர் வரை முழுவதையும் படித்து முடித்தார். பிறகுதான் நடந்தோம்.